கொலஸ்ட்ரால் மார்பகப் புற்றுநோய்க்குத் தீனி போடுகிறதா? லெட்ரோசோல் எடுக்கும் அக்காவுக்காகக் கேட்ட ஒரு தங்கைக்குப் பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரியட்டும். மும்பை செம்பூரில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று சில வருஷம் ஆகிறது. மார்பில் கட்டி வந்து ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் ஈஆர் பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை நம்பி வளரும் வகை. இப்போது தினமும் ஒரு லெட்ரோசோல் மாத்திரை, உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதைத் தடுப்பதற்கு. போன தடவை எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 168 என்று வந்திருக்கிறது. கொலஸ்ட்ராலில் இருந்து உண்டாகும் ஒரு பொருள் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்க்கிறது என்று அவர் மகன் எங்கோ படித்துவிட்டு வந்து சொல்ல, அக்கா நெய், முட்டை, பால், தேங்காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஆள் இளைத்துப்போனார். மாத்திரையால்தான் கொலஸ்ட்ரால் ஏறியது, அதையும் நிறுத்திவிடலாமா என்று இப்போது யோசிக்கிறார். அந்தச் செய்தி உண்மையா, சாப்பாட்டை மாற்ற வேண்டுமா, கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் புற்றுநோய் திரும்பி வராமல் இருக்குமா என்று கேட்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. மும்பையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். கொலஸ்ட்ரால் உடம்புக்குள் என்னவாகிறது என்பது என் பாடம். அதனால் அந்தப் பகுதியை விரிவாகச் சொல்கிறேன். மருந்து விஷயத்தில் முடிவு உங்கள் ஆன்காலஜிஸ்ட்டுடையது, அதாவது புற்றுநோய் மருத்துவருடையது.

ஆனால் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும். லெட்ரோசோலை நிறுத்த வேண்டாம் என்று அக்காவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

சரி, அந்தச் செய்தி உண்மையா? ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் உண்மை. மனிதர்களில் விஷயம் இன்னும் சிக்கலானது. சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பது உங்களுக்கே தெளிவாகும்.

கொலஸ்ட்ரால் என்றதும் ரத்தக் குழாயில் படியும் அழுக்கு என்ற படம்தான் நம் மனதில் இருக்கிறது. உண்மையில் நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது. பித்த அமிலம் அதிலிருந்துதான் உண்டாகிறது. வைட்டமின் டி-யும் அதே பாதையில் வரும் சரக்கு. பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கும் மூலப்பொருள் கொலஸ்ட்ரால்தான். பல படிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, கடைசியில் ஈஸ்ட்ரோஜனாக்குகிறது உடம்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தேவைக்கு மேல் கொலஸ்ட்ரால் சேர்ந்தால் செல்லால் அதை எரித்துத் தீர்க்க முடியாது. கொலஸ்ட்ராலின் வளையங்களை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை. அதனால் செல் வேறு வழி பார்க்கிறது. மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனை ஒட்டவைத்துக் கொஞ்சம் நீரோடு ஒத்துப்போகும்படி மாற்றி வெளியே தள்ளுகிறது. இப்படி ஆக்சிஜன் ஏறிய கொலஸ்ட்ரால்களுக்கு ஆக்சிஸ்டெரால் என்று பெயர். அவற்றில் நம் ரத்தத்தில் அதிகமாகச் சுற்றுவது 27-ஹைட்ராக்சி கொலஸ்ட்ரால். அக்கா மகன் படித்தது இதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். இனிமேல் இதை 27-எச்சி என்று சொல்கிறேன்.

27-எச்சியைச் செய்யும் நொதியின் பெயர் சிஒய்பி27ஏ1. கல்லீரலில் இருக்கிறது, மாக்ரோஃபேஜ் எனும் துப்புரவு வெள்ளணுக்களில் இருக்கிறது, வேறு பல திசுக்களிலும் இருக்கிறது. 27-எச்சியை அழித்துப் பித்த அமிலத்தின் பக்கம் திருப்பிவிடும் நொதி சிஒய்பி7பி1. ஒன்று செய்கிறது, மற்றொன்று தீர்க்கிறது. இரண்டும் சரியாக நடக்கும் உடம்பில் 27-எச்சி ஓர் அளவோடு நிற்கும்.

இதை வில்லனாகப் பார்க்க வேண்டாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. பிறவியிலேயே சிஒய்பி27ஏ1 வேலை செய்யாத மனிதர்கள் அபூர்வமாக இருக்கிறார்கள். அவர்களுக்குத் தசைநாண்களிலும் மூளையிலும் கொழுப்பு படிகிறது, சிறு வயதிலேயே கண்புரை வருகிறது, நடை தடுமாறுகிறது. எதிர்ப்பக்கம், சிஒய்பி7பி1 பழுதானால் 27-எச்சி உடம்பில் குவிந்து, கால்கள் விறைத்துப்போகும் ஒரு பரம்பரை நரம்பு நோய் வருகிறது. ஆகவே, இந்தப் பொருளை உடம்பிலிருந்து அடியோடு ஒழித்துவிட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது புற்றுநோய்க்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் தன் வேலையைச் செய்ய செல்லுக்குள் ஒரு புரதத்தோடு போய் ஒட்ட வேண்டும். அதுதான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ரிப்போர்ட்டில் உள்ள ஈஆர் அதுவே. கட்டியில் அது நிறைய இருந்தால் ஈஆர் பாசிட்டிவ். அப்படிப்பட்ட கட்டி வளர்வதற்கு ஈஸ்ட்ரோஜன் கொடுக்கும் சமிக்ஞையைப் பெரிதும் நம்பியிருக்கிறது.

2007-இல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ மையத்தில் ஒரு குழு கவனித்தது: 27-எச்சியும் அதே ஏற்பியில் போய் ஒட்டுகிறது. கொலஸ்ட்ராலை செல் எப்படிக் கையாள்கிறது என்று கண்டுபிடித்து 1985-இல் நோபல் வாங்கிய பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் வேலை பார்த்த இடம் அது. ரத்தக் குழாயில் ஈஸ்ட்ரோஜன் செய்யும் நல்ல வேலைகளை 27-எச்சி தடுக்கிறது என்பதுதான் அவர்கள் முதலில் கண்டது. அடுத்த வருஷம் டியூக் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் மெக்டொனல் குழு, மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் அதே பொருள் எதிர்மாறாக நடக்கிறது என்று காட்டியது. அங்கே அது ஈஸ்ட்ரோஜனைப் போலவே வளர்ச்சியைத் தூண்டுகிறது.

ஒரு பொருள் ஓரிடத்தில் தடுப்பதும் இன்னோரிடத்தில் தூண்டுவதும் எப்படி என்று நீங்கள் கேட்கலாம். புற்றுநோய் மருந்தான டமாக்ஸிஃபென் இதே இனம். மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பில் ஈஸ்ட்ரோஜன் போல நடந்து பாதுகாக்கும். ஏற்பியில் ஒட்டும் பொருளின் வடிவத்தைப் பொறுத்து ஏற்பி வேறு விதமாக வளைகிறது. எந்தத் திசுவில் எந்தத் துணைப்புரதம் இருக்கிறதோ அதற்கேற்ப விளைவு மாறுகிறது. நம் உடம்பே செய்துகொள்ளும், டமாக்ஸிஃபென் மாதிரியான முதல் பொருளாக அடையாளம் காணப்பட்டது 27-எச்சிதான். எலும்பில் அது நல்லது செய்வதில்லை. எலிகளில் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கிறது.

2013-இல் இரண்டு பெரிய கட்டுரைகள் வந்தன. ஒன்று மெக்டொனல் குழுவுடையது, சயன்ஸ் இதழில். மற்றது டெக்சாஸில் ஃபிலிப் ஷால் குழுவுடையது, செல் ரிப்போர்ட்ஸ் இதழில். அக்கா மகன் படித்த செய்தியின் வேர் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும்.

அவர்கள் பயன்படுத்திய செல்களில் முக்கியமானது எம்சிஎஃப்-7. 1970-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் மார்பகப் புற்றுநோய் முற்றிய ஒரு கன்னியாஸ்திரீயின் நெஞ்சில் கட்டிய நீரிலிருந்து எடுக்கப்பட்ட செல்கள் அவை. அந்த அம்மையார் மறைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் அந்தச் செல்கள் இன்றைக்கும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஹார்மோன் சிகிச்சை பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அவருடைய செல்களின் வழியாக வந்தது. இதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வராது.

சினைப்பை நீக்கிய, அதாவது ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைந்த எலிகளில் இந்தச் செல்களை வைத்து 27-எச்சி கொடுத்தார்கள். கட்டி வளர்ந்தது. பிறகு, தானாகவே மார்பகக் கட்டி வரும் வகை எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீவனம் கொடுத்தார்கள். கட்டி வேகமாக வளர்ந்தது. அதே எலிகளில் சிஒய்பி27ஏ1 மரபணுவை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, கொலஸ்ட்ரால் ஏற்றினாலும் அந்த வேகம் வரவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தக் கடைசிச் சோதனைதான் மிக முக்கியமானது. கொலஸ்ட்ரால் நேரடியாகச் செய்வதாக நாம் நினைத்ததில் பெரும்பகுதியை அதிலிருந்து பிறக்கும் 27-எச்சிதான் செய்கிறது என்று அது காட்டியது. 27-எச்சி கொடுத்த எலிகளில் நுரையீரலுக்குப் பரவுவதும் கூடியது. அதற்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு, எல்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியும் துணைபோனது.

ஷால் குழு மனிதத் திசுக்களைப் பார்த்தது. நோய் உள்ள பெண்களின் மார்பில், கட்டிக்கு வெளியே இருக்கும் சாதாரணத் திசுவிலேயே, நோய் இல்லாத பெண்களைவிட 27-எச்சி கூடுதலாக இருந்தது. கட்டிக்குள் அதைவிடக் கூடுதல். காரணம் என்ன என்று தேடியபோது, அதை அழிக்க வேண்டிய சிஒய்பி7பி1 நொதி கட்டியில் குறைந்துபோயிருந்தது. அந்த நொதி குறைந்த கட்டி உள்ளவர்கள் வாழ்ந்த காலமும் குறைவாக இருந்தது. டியூக் குழுவோ, முற்றிய தரக் கட்டிகளில் 27-எச்சி செய்யும் நொதி, புற்றுநோய்ச் செல்களிலும் கட்டிக்குள் புகுந்த மாக்ரோஃபேஜ்களிலும் அதிகமாக இருந்ததைக் கண்டது.

அக்காவின் சாப்பாட்டுக் கேள்விக்குப் பதில் பாதி இங்கேயே இருக்கிறது. கட்டிக்குள் 27-எச்சி எவ்வளவு நிற்கும் என்பதைக் கட்டியின் செய்யும் நொதியும் அழிக்கும் நொதியும் பெரிதும் தீர்மானிக்கின்றன. காலையில் தோசைக்கு ஊற்றிய ஒரு ஸ்பூன் நெய்க்கும் அந்த இடத்துக்கும் நேர்வழி கிடையாது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடினால் 27-எச்சியும் ஓரளவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் ரத்தத்தில் இருக்கும் அளவும் கட்டிக்குள் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. லிப்பிட் ப்ரொஃபைல் என்ற வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் 27-எச்சி வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும், ஆய்வுக்கூட வேலை. அதைத் தேடி எந்த லேபுக்கும் அலைய வேண்டாம். அளந்து எண் தெரிந்தாலும் அதை வைத்து மருத்துவர் செய்யக்கூடியது இன்றைக்கு எதுவும் இல்லை.

2013-க்குப் பிறகு கதை இன்னும் நீண்டது. மெக்டொனல் குழுவில் இருந்த எரிக் நெல்சன் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தொடர்ந்தார். 2017-இல் அவர் குழு காட்டியது, 27-எச்சி புற்றுநோய்ச் செல்லோடு மட்டும் பேசுவதில்லை, நோய் எதிர்ப்பு அணுக்களோடும் பேசுகிறது என்று. எலிகளில் அது நியூட்ரோஃபில் வகை அணுக்களைக் கூட்டி, புற்றுநோய்ச் செல்லைக் கொல்லக்கூடிய சிடி8 டி-அணுக்களைக் குறைத்தது. இதற்கு ஈஆர் தேவைப்படவில்லை. ஆகவே ஈஆர் நெகட்டிவ் கட்டிகளுக்கும் இதில் பங்கு இருக்கலாம். நம் நாட்டில் ஈஆர் நெகட்டிவ் நோயும், ஈஆர் உட்பட மூன்று ஏற்பிகளும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் நோயும் மேற்கத்திய நாடுகளைவிட அதிக விகிதத்தில் காணப்படுகிறது. அதனால் இந்த ஆய்வுத் திசையை நான் ஆவலோடு கவனிக்கிறேன்.

2021-இல் இன்னொரு கண்டுபிடிப்பு. 27-எச்சி பெரும்பாலான செல்களுக்குத் தொல்லைதான், நீண்ட நாள் அதில் இருந்தால் பல செல்கள் அடங்கிப்போகின்றன, சாகின்றன. ஆனால் அதையும் தாண்டிப் பிழைக்கும் சில செல்கள், கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் வரும் ஒரு வகைச் சாவை எதிர்க்கும் வலு பெற்றுவிடுகின்றன. பரவுவதில் அந்தச் செல்கள் கெட்டிக்காரர்கள். பிழைத்தவை மட்டும் நிற்கும்போது நோய் கடுமையாகிறது.

பிரான்சின் துலூஸ் நகரில் மார்க் பொய்ரோ, சாந்த்ரின் சில்வந்த்-பொய்ரோ குழு வேறொரு கிளையைப் பிடித்தது. கொலஸ்ட்ராலின் 5,6-எபாக்சைடு என்ற வடிவத்திலிருந்து இரண்டு திசைகளில் போகலாம். ஒரு திசையில் ஹிஸ்டமினோடு சேர்ந்து டென்ட்ரோஜெனின் ஏ உண்டாகிறது. அது புற்றுநோய்ச் செல்லை அடக்குகிறது. சாதாரண மார்பகத் திசுவில் இருக்கிறது, கட்டியில் குறைந்துவிடுகிறது. மறு திசையில் ஆன்கோஸ்டெரோன் உண்டாகிறது. அது வளர்ச்சியைத் தூண்டுகிறது, கட்டியில் கூடுகிறது. ஒரே கொலஸ்ட்ரால், ஒரே இடைநிலைப் பொருள். எந்த நொதி முன்னால் நிற்கிறது என்பதைப் பொறுத்து மருந்தாகவும் போகலாம், விஷமாகவும் போகலாம். கொலஸ்ட்ரால் புற்றுநோய்க்கு நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களுக்கு என்னால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

இனி மனிதர்கள் விஷயம். எலியில் கிடைத்த கதை நேராக மனிதருக்குப் பொருந்தும் என்றால், ரத்தத்தில் 27-எச்சி அதிகம் உள்ள பெண்களுக்கு நோய் அதிகம் வர வேண்டும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பல்லாயிரம் பேரை வருஷக்கணக்கில் பின்தொடரும் எபிக் ஆய்வில் இதைச் சோதித்தார்கள். 2019-இல் வந்த முடிவு நேர்மாறானது. மாதவிடாய் நின்ற பெண்களில் ரத்தத்தில் 27-எச்சி அதிகம் இருந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. சுவீடனின் லுண்ட் ஆய்வாளர்கள் பார்த்தபோது, 27-எச்சி செய்யும் நொதி கட்டியில் அதிகம் இருந்த ஈஆர் பாசிட்டிவ் இளம் நோயாளிகள் சிலர் நன்றாகவே தேறியிருந்தார்கள்.

இதைக் கண்டு எலி ஆய்வு பொய் என்று முடிவு கட்டக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் தாராளமாக இருக்கும் உடம்பில் 27-எச்சி ஏற்பிக்குப் போட்டியாக நின்று கொஞ்சம் தடுக்கக்கூடும். ஈஸ்ட்ரோஜனே இல்லாத இடத்தில் அதுவே பதிலாள் ஆகிவிடக்கூடும். நோய் முதலில் வருவது ஒரு கேள்வி, வந்த நோய் வளர்வது இன்னொரு கேள்வி, மருந்தை மீறித் திரும்புவது மூன்றாவது கேள்வி. மூன்றுக்கும் ஒரே விடை இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அக்காவுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அந்த மூன்றாவது கேள்வி. மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜன் செய்துகொண்டே இருக்கும். லெட்ரோசோல் அதை மூடிவிடுகிறது. ஆனால் 27-எச்சி உண்டாக அரோமடேஸ் தேவையே இல்லை. உங்கள் செம்பூர் சொசைட்டியில் மாநகராட்சிக் குழாயை மூடினாலும் டேங்கர் லாரி வந்து தொட்டியை நிரப்புகிற மாதிரி, ஒரு சில கட்டிகள் இந்த வழியில் ஏற்பியை உயிரோடு வைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் நீண்ட நாள் வளர்த்து மருந்துக்குப் பழக்கிய செல்களில், கொலஸ்ட்ரால் செய்யும் பாதை முடுக்கிவிடப்பட்டிருந்ததையும் லண்டன் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டார்கள்.

இதைக் கேட்டதும் அக்கா, அப்படியானால் மாத்திரையால் என்ன பயன் என்று சொல்லக்கூடும். அங்கேதான் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். ஈஆர் பாசிட்டிவ் நோயில் 5 வருஷம் டமாக்ஸிஃபென் எடுத்தவர்களிடம் 15 வருஷத்தில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உலகம் முழுவதும் நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்துக் கிடைத்த கணக்கு இது. மாதவிடாய் நின்றவர்களிடம் லெட்ரோசோல் வகை மாத்திரைகள் நோய் திரும்புவதை டமாக்ஸிஃபெனைவிடவும் குறைக்கின்றன. இத்தனை வலுவான ஆதாரம் ஒருபக்கம். மறுபக்கம் செல்லிலும் எலியிலும் கண்ட ஒரு மாற்றுப்பாதை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இந்த மாத்திரையைப் பாதியில் விட்டுவிடும் பெண்கள் நிறையப் பேர். மூட்டுவலி தாங்காமல் விடுகிறார்கள், யாரோ சொன்ன பாதிச் செய்தியைக் கேட்டு விடுகிறார்கள். நோய் திரும்பிய பிறகு பரேல் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி வரிசையில் நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். தயவுசெய்து உங்கள் அக்கா அந்த வரிசைக்குப் போக விடாதீர்கள்.

லெட்ரோசோலால் கொலஸ்ட்ரால் ஏறுமா? கொஞ்சம் ஏறலாம். டமாக்ஸிஃபென் எல்டிஎல்லைக் குறைக்கும் குணம் உள்ளது. லெட்ரோசோலுக்கு அந்தக் குணம் இல்லை. அதனால் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் லெட்ரோசோல் எடுத்தவர்களின் கொலஸ்ட்ரால் கூடுதலாகத் தெரிந்தது. முன்பு டமாக்ஸிஃபென் எடுத்துவிட்டுப் பிறகு லெட்ரோசோலுக்கு மாறியவர் என்றால் அந்த ஏற்றம் நன்றாகவே தெரியும். இதற்கு மேல் வயது, மாதவிடாய் நின்றது, சிகிச்சைக் காலத்தில் நடமாட்டம் குறைந்தது, தைராய்டு, சர்க்கரை எல்லாம் சேரும். 168 என்ற எண்ணுக்கு மாத்திரை மட்டும் பழி ஏற்க முடியாது.

அந்த எண்ணைக் கவனிக்கத்தான் வேண்டும், இதயத்துக்காக. மார்பகப் புற்றுநோயிலிருந்து தேறிய மூத்த பெண்கள் பலருக்குப் பின்னாளில் பெரிய அபாயம் இதய நோய்தான். இடது மார்பில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்கும், சில வகைக் கீமோ வாங்கியவர்களுக்கும் இதயம் கூடுதல் கவனம் கேட்கும். அதனால் ஸ்டாட்டின் எனும் கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை வேண்டுமா என்ற கேள்வியை மருத்துவரிடம் இதயக் கணக்கில் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் எல்லாம் பார்த்து அவர் சொல்வார்.

ஸ்டாட்டின் புற்றுநோய்க்கு உதவுமா? 27 பெரிய சோதனைகளை, சுமார் 1,75,000 பேரின் கணக்கை ஒன்றுசேர்த்து 2012-இல் பார்த்தார்கள். ஏறக்குறைய 5 வருஷ காலத்தில் ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் வருவது குறையவும் இல்லை, கூடவும் இல்லை. ஆனால் ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் அது திரும்புவதைப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. டென்மார்க்கில் 2011-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. லெட்ரோசோலையும் டமாக்ஸிஃபெனையும் ஒப்பிட 8,010 பெண்களைச் சேர்த்து நடத்திய பிக் 1-98 என்ற சோதனையின் தரவுகளை 2017-இல் மறுபடி அலசியபோது, ஹார்மோன் சிகிச்சைக் காலத்தில் கொலஸ்ட்ரால் மருந்து தொடங்கியவர்கள் நோய் இல்லாமல் நீண்ட நாள் இருந்தார்கள்.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் இவை கவனித்துப் பார்த்த ஆய்வுகள். மாத்திரையைத் தவறாமல் எடுக்கும் பெண், டாக்டரிடம் ஒழுங்காகப் போகும் பெண், நடைப்பயிற்சி செய்யும் பெண் ஆகியோரே ஸ்டாட்டினும் எடுத்தவர்களாக இருந்திருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு வெறும் மாத்திரை கொடுத்துச் சோதிக்க வேண்டும். டென்மார்க்கில் மாஸ்டர் என்ற பெயரில் ஈஆர் பாசிட்டிவ் நோயாளிகளுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்து அப்படி ஒரு சோதனையைத் தொடங்கியிருக்கிறார்கள். நான் ஆவலோடு காத்திருக்கும் பதில் அதுதான். அதுவரை புற்றுநோய்க்காக மட்டும் ஸ்டாட்டினைத் தானாக வாங்கிப் போட வேண்டாம். இதயத்துக்காக டாக்டர் கொடுத்தால் தயங்காமல் எடுக்கலாம், ஒருவேளை இதற்கும் நல்லது நடந்தால் சந்தோஷம். பின்னாளில் அக்காவுக்கு ரைபோசிக்லிப் போன்ற புற்றுநோய் மருந்து சேர்க்க நேர்ந்தால், எந்த ஸ்டாட்டின் எடுக்கிறார் என்பதை அவசியம் சொல்லுங்கள். சிம்வாஸ்டாட்டினும் அதுவும் ஒத்துப்போகாது. இயற்கை மருந்து என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகளும் வேண்டாம். அவற்றுக்குள்ளும் இருப்பது ஒரு ஸ்டாட்டின்தான், அளவுதான் தெரியாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நெய் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. 1987-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, புதிய வெண்ணெயில் காணப்படாத கொலஸ்ட்ரால் ஆக்சைடுகள் நெய்யில் நிறைய இருந்தன என்று சொன்னது. இந்தியர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருவதற்கு இது காரணமாக இருக்குமோ என்பது அவர்கள் சந்தேகம். அக்கா மகன் இதையும் தேடிக் கண்டுபிடிப்பார் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். சூடும் காற்றும் பட்டு உண்டாகும் அந்த ஆக்சைடுகள் பெரும்பாலும் வேறு இடத்தில் ஆக்சிஜன் ஏறியவை. 27-எச்சியை நம் செல்லுக்குள் ஒரு நொதி செய்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நெய்யைக் கருகக் காய்ச்சுவதும், ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிப்பதும் நல்லதில்லை, அவ்வளவுதான்.

தேங்காயில் கொலஸ்ட்ராலே இல்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் இல்லை. தேங்காயில் இருப்பது நிறைவுற்ற கொழுப்பு, அது எல்டிஎல்லை ஏற்றும். அதனால் இட்லிக்குக் கொஞ்சம் சட்னி சரி, தினமும் தேங்காய்ப்பால் குழம்பு வேண்டாம். முட்டையை முழுக்க விலக்கத் தேவையில்லை. சிகிச்சை முடிந்த உடம்புக்குப் புரதம் வேண்டும், அதை விட்டதால்தான் ஆள் இளைத்திருக்கிறார். பருப்பு, சுண்டல், தயிர், மீன், முட்டை எல்லாம் திரும்ப வரட்டும். குறைக்க வேண்டியவை வடா பாவ், ஃபர்சான் பாக்கெட், பேக்கரி பிஸ்கட், வனஸ்பதி இனிப்பு ஆகியவை. ஓட்ஸ், பார்லி, கீரை, பயறு போன்ற நார்ச்சத்துள்ள உணவு எல்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கும். முக்கியமாக, காரணமில்லாமல் எடை வேகமாகக் குறைந்தால் அதை டயட்டின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு உடல் பருமன் மார்பகப் புற்றுநோய்க்கு நிச்சயமான காரணி. மேலே சொன்ன அரோமடேஸ் இருப்பதே கொழுப்புத் திசுவில்தானே. அதனால் அக்கா எடை கூடியவராக இருந்தால் நடப்பதும் மெதுவாக எடையைக் குறைப்பதும் உதவும். பட்டினி வேண்டாம்.

அடுத்த தடவை ஓபிடிக்குப் போகும்போது கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், அங்கே நெரிசலில் பாதி மறந்துபோகும். எல்டிஎல் 168-க்கு இப்போதே மருந்து வேண்டுமா, மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் மாற்றிப் பார்த்துவிட்டு மறுபடி எடுக்கலாமா? தைராய்டு பார்த்தாயிற்றா? லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும் என்பதால் எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாயிற்றா, கால்சியம், வைட்டமின் டி எவ்வளவு? மூட்டுவலி இருக்கிறதா என்று அக்காவையும் கேட்டு, இருந்தால் அதையும் சொல்லுங்கள். வலியை மறைத்து வைத்திருப்பவர்கள்தான் பிறகு சத்தமில்லாமல் மாத்திரையை விடுகிறார்கள். தாங்க முடியாவிட்டால் அதே வகையில் அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் என்று மாற்று மாத்திரைகள் இருக்கின்றன. மாற்றிக்கொள்ளலாம், நிறுத்தத் தேவையில்லை.

கடைசியாக உங்களைப் பற்றி. அக்காவுக்கு வந்திருப்பதால் உங்களுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா மருத்துவமனை 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை வைத்து 20 வருஷம் ஓர் ஆய்வு நடத்தி 2021-இல் முடிவு வெளியிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் மார்பைப் பரிசோதித்ததில், கட்டிகள் முன்கூட்டியே தெரிந்தன. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. மெஷின்கூட இல்லை, பழகிய கைகள் மட்டும். அக்காவோடு ஓபிடிக்குப் போகும் அன்றைக்கே உங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மேமோகிராம் எந்த வயதில் தொடங்குவது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தால் மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.